ஸ்டபீலியா கள்ளியல்ல, எருக்குக்குப் பங்காளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் மாடித்தோட்டப் பகுதியில் ஸ்டபீலியா என்ற, சதைத்தண்டும் நாற்றப் பூவும் கொண்ட ஆப்பிரிக்கச் செடி பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். படம் அருமை. ஆனால் குறிப்பில் சொன்னபடி தென்னைநார்க் கழிவில் நட்டு, வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றி, மாதாமாதம் தொழுவுரம் வைத்தால் ஐப்பசி முடிவதற்குள் செடி கூழாகிவிடும். 'பூக்கும் கள்ளி' என்று தலைப்பிட்டதும் பொருந்தவில்லை. ஸ்டபீலியா திருகுகள்ளிக்கும் உறவில்லை, சப்பாத்திக்கும் உறவில்லை. ரயில் பாதையோரம் யாரும் ஊன்றாமல் நிற்கிறதே எருக்கு, அதற்குத்தான் பங்காளி.

சாட்சி பூவில் இருக்கிறது. எருக்கம்பூ ஒன்றைப் பறித்துக் காம்பில் வடியும் பாலை ஒற்றியெடுத்துவிட்டு, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் நடுக் கிரீடத்தைப் பாருங்கள். உச்சியில் ஐங்கோணத் தட்டு ஒன்று இருக்கும். அதன் ஒவ்வொரு மூலையிலும் கரும்பழுப்பில் ஒரு புள்ளி, புள்ளிக்குக் கீழே நெட்டுக்குத்தாக மயிரிழைப் பிளவு. பிளவின் அடியில் மெல்லிய ஊசியை நுழைத்து மெதுவாக மேலே இழுத்தால், அந்தக் கரும்புள்ளி கவ்வியாக ஊசியைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். கவ்வியின் இருபுறமும் மஞ்சளாக இரண்டு சிறு பைகள் தொங்கும். அந்தப் பூவின் மகரந்தம் தூளாக இல்லாமல் முழுக்க அந்தப் பைகளில்தான் இருக்கிறது. தேன் குடிக்க வரும் கருவண்டின் காலில் கவ்வி மாட்டி, அடுத்த பூவின் பிளவுக்குள் பை சிக்கி அறுந்தால்தான் காய். பலமில்லாத சிறு பூச்சிகள் காலை இழுக்க முடியாமல் பூவிலேயே மாட்டிச் செத்திருப்பதையும் காணலாம். ஸ்டபீலியா, அதன் நெருங்கிய சொந்தமான ஹூவர்னியா, ஹோயா என்ற அழகுக் கொடி, வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான் எல்லாவற்றிலும் அமைப்பு இதேதான். இப்படி மகரந்தத்தைப் பையாகக் கட்டிவைக்கும் பெரிய கூட்டம் தாவர உலகில் இன்னொன்றுதான் உண்டு, ஆர்க்கிட். 1831-இல் ராபர்ட் பிரவுன் இந்த இரு கூட்டத்துப் பூக்களையும் சேர்த்து ஆராய்ந்தபோதுதான் உயிரணுவின் கருவுக்கு நியூக்ளியஸ் என்று பெயரிட்டார்.

முன்பு தனிக் குடும்பமாக இருந்த இவற்றை இப்போது அரளிக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் நர்சரிகளில் பருத்த அடியோடு விற்கும் அடீனியமும் சொந்தமாகிவிட்டது. நன்னாரியும், ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கும் சற்றுத் தள்ளிய சொந்தம். ஸ்டபீலியா, ஹூவர்னியா, கராலுமா எல்லாவற்றையும் செரோபீஜியா என்ற ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) அடக்கவேண்டும் என்று 2017-இல் ஒரு திருத்தம் வந்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை. ஒரே செடிக்கு நர்சரிச் சீட்டில் ஒரு பெயரும் இணையத்தில் வேறொரு பெயரும் இருந்தால் அதுதான் காரணம். வளர்ப்பவர் அதற்காகத் தூக்கம் கெடவேண்டியதில்லை.

உங்கள் குறிப்பு முழுக்க ஆப்பிரிக்கச் செடிகளையே பேசுகிறது. இந்தச் சதைத்தண்டுக் கூட்டத்துக்கு நம் மண்ணிலேயே ஆள் உண்டு. கராலுமா பேரினத்தைச் சேர்ந்த கள்ளிமுளையான் தமிழகத்தின் வறண்ட குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் முளைப்பது. நாற்பட்டைத் தண்டு, நுனி போகப்போக மெலியும், அந்த மெல்லிய நுனியில் ஊதாப் பழுப்பில் சின்னஞ்சிறு பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். ஆடு மேய்ப்பவர்கள் பச்சையாகக் கடித்துத் தின்பார்கள், வீட்டில் துவையல் அரைப்பதும் உண்டு. இதன் அண்ணன் கராலுமா அம்பெல்லேட்டா. தண்டு பருமன், பூக்கள் நுனியில் பந்தாகக் கூடிக் கருஞ்சிவப்பில் விரியும், நாற்றமும் அதற்கேற்ற அளவு. ஏறக்குறைய இலையே இல்லாத பச்சைத் தண்டாகப் புதரில் சுற்றி ஏறும் செரோபீஜியா ஜன்சியாவும், முறித்தால் பால் கொட்டும் கொடிக்கள்ளியும் நம்மூர்க்காரர்களே.

தின்னும் பழக்கம் இருப்பதால் ஓர் எச்சரிக்கை. இளம் சதுரக்கள்ளியும் கள்ளிமுளையானும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். நகத்தால் கீறினால் சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் வரும், கள்ளிமுளையானில் தெளிந்த நீர்தான் கசியும். சதுரக்கள்ளியின் விளிம்பில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும், கள்ளிமுளையானின் விளிம்பில் இருப்பது குத்தாத மென்பல். இவ்விரண்டையும் சரிபார்க்காமல் வாயில் வைக்கக்கூடாது. நர்சரியில் வாங்கிய ஸ்டபீலியாவையோ ஹூவர்னியாவையோ 'இதுவும் அதே இனம்தானே' என்று தின்று பார்க்கவே கூடாது.

இனி வளர்ப்பு. கள்ளிமுளையான் காட்டில் வெட்டவெயிலில் தனியாக நிற்பதில்லை. முட்புதர் நிழலில், பாறை இடுக்கில், இலைமக்கு கொஞ்சம் சேர்ந்த சரளை மண்ணில் இருக்கும். மழை பெய்தால் நனையும், சில மணி நேரத்தில் வேரடி காய்ந்துவிடும். தொட்டியில் இதைத்தான் உண்டாக்கவேண்டும். ஸ்டபீலியாவின் தேவையும் ஏறக்குறைய இதுவே.

தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். 20 செ.மீ. அகலம், 8 முதல் 10 செ.மீ. ஆழம், அடியில் குறைந்தது மூன்று துளை உள்ள மண்தொட்டி நல்லது. வேர் மேலாகவே படரும். ஆழத் தொட்டியில் அடிமண் நாட்கணக்கில் ஈரமாகக் கிடக்கும், அழுகல் அங்கிருந்துதான் புறப்படும். கலவை இப்படி: 3 முதல் 6 மி.மீ. அளவில் உடைத்துச் சலித்துத் தூள் நீக்கிய செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு அரைப் பங்கு. எம்-சாண்ட் எடுத்தால் கழுவிய நீர் தெளியும்வரை கழுவவேண்டும். அதன் மாவு சிமெண்டாக இறுகிக் காற்றை அடைத்துவிடும். தென்னைநார்க் கழிவு வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், முழுக்கக் காய்ந்தாலோ சுருங்கித் தொட்டியின் விளிம்பை விட்டு விலகும். அதன்பின் ஊற்றும் நீர் ஓரமாக ஓடிப்போகும், வேருக்குக் கிடைக்காது. கலவை சரியா என்று அறிய ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்கி நிற்காமல் உடனே உள்ளிறங்கி, அரை நிமிடத்துக்குள் அடித்துளையில் ஒழுகவேண்டும்.

வாரத்துக்கு இத்தனை முறை தண்ணீர் என்று கணக்கு வைப்பதே பிழை. மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். குச்சி ஈரமில்லாமல், மண் ஒட்டாமல் வந்தால் அடுத்த நாள் ஊற்றலாம். மேற்சொன்ன தொட்டிக்கு ஒருமுறைக்குக் கால் லிட்டர் போதும். ஊற்றினால் அடிவழியே வரும்வரை ஊற்றவேண்டும், தினமும் கொஞ்சம் தெளிப்பது உதவாது. தை முதல் பங்குனி வரை ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை ஆகும். அக்கினி நட்சத்திரத்தில் பகலில் ஊற்றாதீர்கள், கொதிக்கும் தொட்டியில் ஈரம் பட்டால் வேர் வெந்துபோகும். மாலையில் தொட்டி ஆறியபின் ஊற்றலாம். தொட்டியைத் தளத்தின் மீது நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் வெப்பம் குறையும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மாடி வெயிலுக்கு ஆகாது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், மற்ற நேரம் 50 சதவீத நிழல்வலை என்பது பொருத்தமான அளவு. தண்டு செம்பழுப்பாக மாறினால் வெயில் மிகுதி, வெளிறி நீண்டு சாய்ந்தால் வெயில் போதவில்லை.

வடகிழக்குப் பருவமழைதான் உண்மையான தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் இவற்றை மழைக்கு மறைவாக, ஒளி வரும் இடத்தில் வைக்கவேண்டும். மேலே ஒளி புகும் தகடு போட்டால் நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். பக்கத்தையும் மூடினால் உள்ளே புழுக்கம் சேர்ந்து மழையைவிட மோசமாகச் செய்யும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் அந்த நாட்களில் தண்டு இலேசாகச் சுருங்கினாலும் விட்டுவிடுங்கள். சுருங்கிய தண்டு பிறகு தேறும், அழுகிய தண்டு தேறாது.

அழுகல் எப்போதும் அடியில் தொடங்கும். மண்மட்டத்தில் தண்டு கறுத்து, தொட்டால் அமுங்கும். அப்போது மண்ணில் மருந்து ஊற்றிப் பயனில்லை. தண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடுப்புப் பகுதியில் காயம் சிறிதாக இருக்கும் என்பதால், நல்ல தண்டுகளை அங்கே வெட்டி எடுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைக்கவேண்டும். வெட்டுமுகம் முழுக்க வெளிர்பச்சையாக இருக்கவேண்டும். நடுவில் ஊசிமுனையளவு பழுப்பு தெரிந்தாலும் மேலும் ஓர் அங்குலம் வெட்டுங்கள், இல்லையேல் அழுகல் கூடவே வரும். கந்தகத் தூள் அல்லது அரைத்த கரித்தூள் தொட்டு நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் உலர்த்தவேண்டும். அதன்பின் தண்டைக் குத்திட்டு நடாமல் கலவையின் மேல் படுக்கவைத்து, அசையாதபடி இரண்டு கூழாங்கல் முட்டுக்கொடுங்கள். மண்ணைத் தொடும் பக்கத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். வேர் பிடிக்கும்வரை நான்கு நாளுக்கு ஒருமுறை மேலாகத் தெளித்தால் போதும்.

தண்ணீர் சரியாக இருந்தும் செடி சுருங்கிக்கொண்டே போனால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளை மாவு அப்பியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை முழுக்கக் கொட்டிவிட்டு, வேரை ஓடும் நீரில் கழுவி, மூன்று நாள் உலர்த்திப் புதுக் கலவையில் வையுங்கள். பழைய கலவையை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தினால் பூச்சியும் கூடவே குடிபோகும். தண்டிடுக்கில் தெரியும் மாவுப்பூச்சிக்கு ஸ்பிரிட்டில் நனைத்த காதுகுடையும் பஞ்சு போதும்.

உரம் ஆண்டுக்கு இருமுறை, தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி மண்புழு உரம். தழைச்சத்து மிகுந்தால் தண்டு கொழுத்து, தோல் மெலிந்து, முதல் மழைக்கே வெடித்து அழுகும். ஸ்டபீலியா பெரும்பாலும் இளந்தண்டின் கீழ்ப்பகுதியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய தண்டு மறுபடி பூப்பது அரிது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடுப்பகுதிக் கிழத்தண்டுகளைக் களைந்துவிட்டு ஓரத்து இளந்தண்டுகளை மறுநடவு செய்யவேண்டும். மொட்டு கண்டபின் தொட்டியைத் திருப்புவதும் இடம் மாற்றுவதும் மொட்டை உதிர்க்கும்.

ஸ்டபீலியா ஜைகான்டியாவின் பூ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, 25 முதல் 40 செ.மீ. வரை விரியும். மஞ்சள் தோலில் செவ்வரிகள், மேலே மெல்லிய மயிர், செத்த எலியின் வாடை. ஈக்கள் இறைச்சி என்று நம்பி மையத்தில் முட்டையிட்டுவிட்டுப் போகும். புழு பொரித்தால் தின்ன ஒன்றுமில்லாமல் சாகும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அதற்குள் தொட்டியைச் சமையலறைச் சன்னலிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது. நாற்றம் ஒத்துவராதவர்களுக்கு ஹூவர்னியா ஜெப்ரினா நல்லது. நான்கு செ.மீ. பூ, நடுவில் பளபளக்கும் சிவப்பு வளையம், முகர்ந்தால்தான் வாடை தெரியும். ஹூவர்னியா என்ற பெயர் யூஸ்டஸ் ஹியூர்னியஸ் என்ற டச்சுப் பாதிரியாரின் நினைவாக வைத்தது. 1624-இல் ஜாவாவுக்குப் போகும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கி இந்தக் கூட்டத்துச் செடியை வரைந்தவர். பெயரிட்டபோது எழுத்து இடம்மாறி ஹூவர்னியா ஆகிவிட்டது, அதுவே நிலைத்தும்விட்டது. இதே கூட்டத்து ஆப்பிரிக்கச் செடியான ஹூடியாவைக் கடலோர ஊர்க்காரர்கள் தொடாமல் இருப்பது நலம். நமீபியாவின் வறட்டுக் காற்றுக்குப் பழகிய செடி சென்னை ஈரத்தில் நிற்காது. தவிர ஹூடியா இனங்கள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, அனுமதித் தாளில்லாமல் எல்லை கடக்கக்கூடாது.

நம் கள்ளிமுளையானுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. எடை குறைக்கும் என்று சொல்லி இதன் சாற்றுப் பொடி விற்கத் தொடங்கியபின் மலையடிவாரங்களில் வேரோடு பிடுங்குவது கூடிவிட்டது. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பிடுங்கவேண்டிய தேவையே இல்லை. வளர்ப்பவர் ஒருவரிடம் விரல் நீளத் துண்டு ஒன்று வாங்கினால் போதும், மேலே சொன்ன முறையில் ஓராண்டில் தொட்டி நிறைந்துவிடும். ஒரே தாயின் துண்டுகளுக்குள் பெரும்பாலும் காய் பிடிக்காது என்பதால் விதை வேண்டுவோர் இரண்டு வெவ்வேறு இடத்துத் தாய்களிலிருந்து துண்டு வாங்கவேண்டும்.

எருக்கைத் தொட்டியில் வளர்ப்பதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. வண்ணத்துப்பூச்சிக்காக வளர்ப்பதானால் அதைவிட எளிய செடி இல்லை. காய் முற்றி வெடிக்கும் முன் நூலால் கட்டிவைத்தால் பஞ்சு பறக்காது. பஞ்சை நீக்கி ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் புதுவிதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் விரைவாக இறங்கும், நான்கு இலைக்கு மேல் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் வாடும். 45 செ.மீ. ஆழத் தொட்டியில் நேரடியாக விதைப்பதே நல்லது. வெள்ளெருக்கு வேண்டுமென்றால் விதையை நம்பாதீர்கள், அயல்மகரந்தம் கலந்து நிறம் மாறி வரலாம். பெருவிரல் பருமனில் ஒரு சாண் போத்து வெட்டி, பாலைக் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து நட்டால் தாயின் நிறம் மாறாது.

வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி எருக்கிலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டையிடும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு மூன்று இணைக் கருங்கொம்புள்ள புழு வரும். தின்பதற்கு முன் இலை நரம்பைக் கடித்துப் பால் வரத்தை நிறுத்திவிட்டுப் பிறகு தின்னும் சாமர்த்தியத்தை உட்கார்ந்து பார்க்கவேண்டும். முட்டையிலிருந்து சிறகு முளைக்க மூன்று முதல் நான்கு வாரம். இலை முழுக்கப் போனாலும் எருக்கு மறுபடி தழைக்கும், மருந்தடிக்காதீர்கள். மஞ்சளாக அப்பியிருக்கும் அசுவினிக்கும் வேப்பெண்ணெய் வேண்டாம், அது புழுவையும் சேர்த்துக் கொல்லும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினால் அசுவினி உதிரும், மிச்சத்தைப் பொறிவண்டின் குஞ்சுகள் தின்றுவிடும். பீய்ச்சும் முன் இலையடியில் முட்டையும் புழுவும் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உடலில் நீலப் பட்டை போட்ட எருக்கு வெட்டுக்கிளியைக் கையால் எடுத்தால் நாற்றச் சாறு பீய்ச்சும். துணியால் பிடித்து வெளியே விடுங்கள். மற்ற வண்ணத்துப்பூச்சிகளில் நீல வரியனுக்கு எருக்கைவிடப் பெருங்குறிஞ்சான் கொடியும், வெண்புள்ளிக் கருப்பனுக்கு நன்னாரியோ அரளியோ பொருந்தும். நர்சரிகளில் வண்ணத்துப்பூச்சிச் செடி என்று விற்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அஸ்கிலிபியாஸ் அமெரிக்கக் கண்டத்தது. வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும்தான், ஆனால் விதை பறந்து வாய்க்கால் ஓரமெல்லாம் முளைக்கும். வளர்த்தே தீருவேன் என்பவர் காய் வெடிக்குமுன் கிள்ளவேண்டும்.

ஹோயா பற்றி ஒரே ஒரு வரி. இதய வடிவ ஒற்றை இலையைச் சிறு தொட்டியில் வைத்து விற்பதை வாங்காதீர்கள். கணு இல்லாத இலை வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடி வரவே வராது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய வாரம் எருக்கம்பால் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். மாலை கட்டும் கையோடு கண்ணைத் தேய்ப்பதால் பால் கண்ணில் படுகிறது. அப்போதே பெரிதாக வலிக்காததால் பலர் விட்டுவிடுகிறார்கள். பால் கருவிழியின் உள்ளடுக்கைத் தாக்கி வீங்கவைக்கும், சில மணி நேரத்தில் பார்வை புகைமூட்டமாகும். பட்டவுடன் இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக்கூடாது. வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டி, பட்டது எருக்கம்பால் என்று சொல்லவேண்டும். பூப் பறிக்கும்போது செடி முகத்துக்கு மேலே இருந்தால் கிளையை வளைத்து இழுக்காமல் முக்காலி போட்டு ஏறிப் பறிக்கச் சொல்லுங்கள், முறிந்த காம்பிலிருந்து பால் தெறிப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
மாடித்தோட்டக்காரர்கள் சிலர்,
மதுரை.